ஸ்டெல்லா டீச்சரின் குளியலறை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சரின் மகள் ஷீபா போன் செய்தாள். "டீச்சர், அம்மா போயாச்சு" என்றாள்.

"பாத்ரூமிலயா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்ல டீச்சர். உச்சைக்குச் சோறு உண்டுட்டு கட்டில்ல படுத்திருக்காங்க. பக்கத்து வீட்டு அக்கா சாயா குடிக்க விளிச்சப்போ எழும்பல்ல."

அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நம் பள்ளியில் ஸ்டெல்லா டீச்சரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த நிம்மதியின் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு, கணவரும் இறந்துவிட, கொல்லயில் ஊரில் உள்ள பழைய ஓட்டு வீட்டில் டீச்சர் தனியாகத்தான் இருந்தார். படுக்கையறையை ஒட்டிப் பிற்பாடு கட்டிய குளியலறை மிகச் சிறியது. வாசலில் உயரமான படி, உள்ளே வழுவழுத்த சிமெண்டுத் தரை. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஜூன் மாத இடவப்பாதி மழையில், அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஷீபா வந்தாள்.

"ஓணம் கழிஞ்சதும் அம்மா எனக்க பிளாட்டுக்கு வரணும். இந்த வீட்டப் பூட்டிரலாம்" என்றாள்.

மகளிடம் டீச்சர் எதிர்த்துப் பேசவில்லை. அவள் கார் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அஞ்சாவது மாடியாக்கும் வசந்தா. பகல் முழுக்க அங்க நான் ஆருட்ட பேச? விழுந்த எடத்தச் செரியாக்குனா போராதா? வீட்டையா பூட்டணும்?"

இரண்டு கொத்தனார்கள் வந்து பார்த்தார்கள். சின்ன வேலை என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. "அப்போ நாம செய்வோம்" என்றார் டீச்சர்.

"எனக்குக் கொத்து வேலை தெரியாதே டீச்சர்."

"எனக்கும் தெரியாது. ரெண்டுபேருக்கும் தெரியாததுனால நமக்குள்ள வழக்கு வராது."

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தோம். நான் சுத்தியலால் தரையை உடைத்தேன். டீச்சர் நல்ல கையால் கல்லையும் மண்ணையும் சட்டியில் அள்ளினார். வாசல் படியை எடுத்துவிட்டு, தரையைப் படுக்கையறை மட்டத்துக்குத் தாழ்த்தி, சொரசொரப்பான டைல்ஸ் பதித்தோம். மறுநாள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தபோது, அது மூலையில் இருந்த ஓட்டைப் பக்கமே போகவில்லை. நேராக வாசலைத் தாண்டி வந்து டீச்சரின் கட்டிலுக்கடியில் தேங்கி நின்றது. நான் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "நீங்க ஷீபாகூடப் போயிருங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் குனிந்து, தண்ணீர் வந்த தடத்தைப் பார்த்தார். பிறகு, "வெள்ளத்துக்க மேல ஒரு குற்றமும் இல்ல. நாமதான் சரிவ மாத்தி வச்சிட்டோம். சிமெண்டு முழுசா எறுகல்ல, இப்பமே டைல்ஸ இளக்கி எடு மக்கா" என்றார். பாதி டைல்ஸ் உடைந்தது. மறுபடி வாங்கிவந்து பதித்தோம்.

பிடித்து நிற்கக் கைப்பிடிக் கம்பி வைப்பதும் லேசாக இல்லை. பழைய வெட்டுக்கல் சுவர், ஸ்குரூ முறுக்க முறுக்கப் பொடியாக உதிர்ந்தது. டீச்சர் அமரவிளைக் கடைக்குப் பஸ் ஏறிப் போய் நீளமான போல்டுகளோடு வந்தார். சுவரை முழுக்கத் துளைத்து, வெளிப்பக்கம் இரும்புத் தகடு வைத்து இறுக்கினோம்.

ஓணம் கழிந்து ஷீபா காலிப் பைகளோடு வந்தாள். அவளை டீச்சர் நேராகக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். ஷீபா ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கொட்டினாள். தண்ணீர் மூலையைப் பார்த்து ஓடி ஓட்டைக்குள் இறங்கியது. பிறகு கம்பியைப் பிடித்து, தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"ஆரு செஞ்சது?"

"நானும் வசந்தாவும்."

ஷீபா சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "இனியும் விழுந்தா அம்மா?"

"விழுந்தா ஒன்ன விளிப்பேன். இப்போ வந்து சோறு தின்னு."

அன்று அந்தப் பைகளில் தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும்தான் திருவனந்தபுரம் போயின.

அதற்குப் பிறகு டீச்சர் யார் தயவும் இல்லாமல் அந்த வீட்டில் வாழ்ந்தார். யாரும் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகவில்லை, யாரும் குளிப்பாட்டிவிடவில்லை. அவர் பயந்தது அதற்குத்தான். தன் கட்டிலில், தன் வீட்டில் போனார். ஷீபாவுக்கும் அந்த ஆறுதல் உண்டு. அடக்கம் முடிந்து வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை நான் அன்னைக்கிக் கூட்டிட்டுப் போகல்ல" என்றாள்.

அவர் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் எதையும் எடுக்கவில்லை. எனக்கானது ஏற்கனவே என்னிடம் இருக்கிறது. அந்தக் குளியலறை வேலை முடிந்ததிலிருந்து தினமும் காலையில் டீச்சர் எனக்கு போன் செய்வார். நான் ஹலோ சொல்வதற்குள், "குளிச்சாச்சு. நீ ஒனக்க வேலையப் பாரு" என்று சொல்லி வைத்துவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் போன் வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் "செரி டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். இன்னும் ஏதாவது பேசியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், நானும் கேட்டுவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, ஈரத் தலையோடு அவர் சொன்ன அந்தக் 'குளிச்சாச்சு' என்ற ஒரு சொல்.