கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை காலை 6.10க்குக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து ஹட்டன் பஸ் புறப்பட்டது. டிக்கெட் நானூற்று எழுபது ரூபாய். துணிப்பைக்குள் இரண்டு சட்டை, ஒரு சாரம், அக்காவுக்கு ஒரு கிலோ குரக்கன் என்னும் கேழ்வரகு மா. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்காவைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. ஒன்பது வருடமாக அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இப்போது முழங்காலும் வீங்குகிறதாம். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதோடு சரி.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லொறி, உப்பளம், ஹோட்டல் குசினி, மரக்கறிச் சந்தை என்று ஓடி ஓடி ஐம்பது வயதாகிவிட்டது. சொந்தக்காரர் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்கியதில்லை. அக்கா பதினேழு வயதில் கூடை மாட்டியவள். இன்னும் அதே மலையில்தான் நிற்கிறாள்.

காலை 9.40. கித்துல்கலையைத் தாண்டி ரோடு ஏறத் தொடங்கியது. பொல்பிட்டிய மின்நிலையத்துக்குப் பிரியும் வழியைக் கடந்து, கினிகத்தேனைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. ஒரு சிங்கள அம்மா கொல கெந்த விற்றுக்கொண்டிருந்தார். சிவப்பரிசிக் கஞ்சியில் வல்லாரைச் சாறும் தேங்காய்ப்பாலும் விட்டது. பச்சைப் பசேல் என்று இருக்கும். கோப்பை நூறு ரூபாய், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் உண்டு. பக்கத்தில் மரத்தில் கடைந்த குவளைகள் அடுக்கியிருந்தன. கொத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையில் செய்தவை. நம்மவர்கள் பொன்குறண்டி என்பார்கள். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சீனி இறங்குமாம். ஆயிரத்து இருநூறு சொன்னார், ஆயிரத்துக்குக் கொடுத்தார்.

கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, ஒரு கையில சீனிக்கு மருந்து, ஒரு கையில கருப்பட்டியா?"

"மருந்து அக்காவுக்கு, கருப்பட்டி எனக்கு" என்றேன்.

பகல் 12.20. ஹட்டனில் பஸ் மாறிக் கொட்டகலையில் இறங்கினேன். அங்கிருந்து தோட்டம் நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஐந்நூறு. ஓட்டிய பையனுக்கு அக்காவைத் தெரிந்திருந்தது.

"பாக்கியம் அத்த வீட்டுக்கா? சரியான நேரத்துலதான் வந்துருக்கீங்க மாமா. வெள்ளிக்கிழம கிளினிக்கு. இன்னைலேர்ந்து லயம் முழுக்கப் பாவக்கா வாசந்தான். நாங்கெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போவோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

மாலை 5.10. கொழுந்து நிறுத்துவிட்டு அக்கா வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் படியில் போட்டாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் மரப்பட்டை போலச் சொரசொரவென்று இருந்தன. "கழுத கணக்கா அலஞ்சு கறுத்துப் போயிட்ட" என்றாள். மச்சான் இறந்து ஆறு வருடம். மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அக்கா தனியாக இருக்கிறாள்.

குவளையை நீட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சரோஜா எட்டிப் பார்த்தாள். சரோஜாவும் கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கும் சீனி.

"இங்க பாருடி, இவனும் ஒண்ணு கொண்டாந்துட்டான்!"

அக்கா சுவரில் அடித்த பலகைத் தட்டைக் காட்டினாள். ஊறவைக்க வெந்தயம், கறுவாப்பட்டைத் தூள், காய்ந்த ஆவாரம்பூ, முருங்கையிலைப் பொடி, கருவேப்பிலைத் துவையல், முழங்காலுக்கு மஞ்சளும் மிளகும் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய். எல்லாம் வந்தவர்கள் கொடுத்தவை.

"வர்றவுங்க எல்லாம் மருந்துதான் கொண்டார்றாங்க. ஒருத்தராவது ஒரு நேரச் சோறு ஆக்கிக் குடுத்துருக்காங்களா?" என்றாள் சரோஜா.

அன்று இரவு ரொட்டி சுட அடுப்பு மூட்டியவன் நான்தான். உப்பு எடுக்கப் பால்மா டின்னைத் திறந்தேன். உள்ளே உப்பு இல்லை. கிளினிக்கில் மாத்திரை போட்டுக் கொடுத்த சின்னச் சின்ன வெள்ளைக் கடதாசி உறைகள். முக்கால்வாசி பிரிக்காமலே இருந்தன.

"அக்கா, இதெல்லாம் குடிக்கிறதில்லையா?"

"ஞாயித்துக்கிழம குடிப்பேன். பௌர்ணமிப் பொயா லீவுக்குக் குடிப்பேன். வேலைநாள்ல எப்பிடிடா குடிக்கிறது?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பெரிய குளிச வயித்தக் கலக்கி விட்டுரும். மலையில கக்கூசு எங்க இருக்கு? லயத்துக்கு எறங்கி ஏறுனா முக்கா மணி நேரம். கொழுந்து கொறஞ்சிரும். அப்பறம் அரைப் பேருதான்."

அரைப் பேர் என்றால் அரைநாள் வேலை என்று பதிவது. நாள் முழுக்கச் சரிவில் நின்றவளுக்கும் எடை குறைந்தால் அரைப் பேர்தான்.

"அப்ப டொக்டர் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"போன தடவ சீனி நூத்திப் பதினெட்டு! வெரி குட்னு எழுதியிருக்கு, கொப்பியப் பாரு."

அப்போதுதான் ஆட்டோப் பையன் சொன்னது விளங்கியது. அந்த லயத்தில் சீனி வருத்தம் உள்ள பெண்கள் எல்லோரும் தங்கள் முறை வரும்போது கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள் மட்டும் விரதம் போல இருப்பார்கள். ரொட்டி பாதி. மற்ற நாளில் பத்து மணித் தேத்தண்ணிக்கு உள்ளங்கையில் கொட்டி நக்கும் சீனி அந்த மூன்று நாளும் கிடையாது. காலையும் மாலையும் பாகற்காய்ச் சாறு. வயிற்றைக் கலக்காத சின்ன மாத்திரையை இரண்டிரண்டாகப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை யார் நம்பர் குறைவு என்று பரீட்சைப் புள்ளி போல ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சனிக்கிழமை சீனிப் போத்தல் மறுபடி இறங்கும்.

வியாழன் மாலை அக்கா பூட்ஸைக் கழற்றும்போது இடது கணுக்காலில் துணிக் கட்டைப் பார்த்தேன். பிரித்தாள். மஞ்சள் அப்பியிருந்தது. அதற்குக் கீழே ஒரு ரூபாய்க் காசளவு குழி. ஓரம் கறுத்து, நடுவில் ஈரம்.

"அட்ட கடிச்சதுடா. ரெண்டு மாசமாச்சு. ஆறிரும்."

கொழும்பில் என்னோடு குசினியில் வேலை செய்த ஒருவருக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. நான் அதைச் சொன்னேன், வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா கட்டை மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னாள்: "தெரியுண்டா. அதுனாலதான் காட்டல. காட்டுனா வெட்டணும்னு சொல்லிருவாங்க. ஒத்தக் காலோட எந்த மலையில நிப்பேன்?"

குவளையைக் கழுவித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். என்னால் முடிந்தது அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.20. இரத்தம் எடுக்கும்வரை சாப்பிடக் கூடாது. குவளைத் தண்ணீர் செந்தேன் நிறத்தில் இருந்தது. அக்கா மடக்கென்று குடித்தாள். பிறகு பாகற்காய்ச் சாறு அரைக் கிளாஸ். பிறகு சின்ன மாத்திரை இரண்டு. ஆட்டோ வேண்டாம், நடந்தால் இன்னும் இறங்கும் என்றாள். சரோஜா வரவில்லை, அவள் முறை அடுத்த வாரம். கொட்டகலைக்குக் குறுக்கு வழியாக இறங்கினோம். பனி மூட்டம். தேயிலைச் செடிகள் ஈரத்தில் மினுங்கின.

கடைத்தெருவுக்கு வந்ததும் அக்கா நின்றாள். அந்தக் குளிரில் அவள் நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "உன் மச்சான் எங்க போயிட்டாரு?" என்று கேட்டாள். அவள் தோளைத் தாங்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் கதவு திறந்த ஒரு தேத்தண்ணிக் கடை. முதலாளி, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். ஒரு பார்வையில் கண்டுகொண்டார்.

"சீனி எறங்கிருச்சு. ஒக்கார வைங்க தம்பி, சுணங்காதீங்க." வெறும் தேத்தண்ணியில் நான்கு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கி நீட்டினார்.

கிளாஸை அக்கா வாயில் வைத்தேன். அவள் நடுங்குகிற கையால் தள்ளினாள்.

"வேணாந் தம்பி… மூணு நாளாக் கஷ்டப்பட்டேன்… நம்பர் கெட்டுப் போயிரும்."

"நம்பர் கெடக்கட்டும் தங்கச்சி. ஆளு வேணுமே நமக்கு" என்றார் நானா.

நான் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, குழந்தைக்குப் புகட்டுவது போல வாய் வாயாகப் புகட்டினேன். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. முதலில் சொன்னது: "பாவி, கெடுத்துட்டியே." பிறகு என் சட்டையில் சிந்தியிருந்த தேத்தண்ணியைத் தன் சேலை முந்தானையால் துடைத்துவிட்டாள். எவ்வளவு கேட்டும் நானா காசு வாங்கவில்லை.

காலை 8.15. கிளினிக். இரத்தத்தில் சீனி இருநூற்று நாற்பத்தாறு. டொக்டர் ஒரு சிங்களப் பெண், வயது முப்பது இருக்கும். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"பாக்கியம் அம்மா, போன மாதம் நூற்றிப் பதினெட்டு. இன்றைக்கு ஏன் இப்படி?"

தம்பி சீனி கொடுத்துவிட்டான் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அக்கா அப்படித்தான் வாயெடுத்தாள். டொக்டர் காத்திருந்தார்.

"நீங்க பொய் சொன்னா நான் குளிசை கூட்டுறது. கூட்டினா மயக்கம் வாறது. உண்மை சொன்னா எனக்கு மாத்த ஏலும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டின், அரைப் பேர், மூன்று நாள் கணக்கு, பாகற்காய், குவளை. சொல்லி முடித்ததும் யாரும் கேட்காமலே குனிந்து, இடது காலில் கட்டைப் பிரித்தாள்.

டொக்டர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எலும்புக்குப் போகல்ல" என்றார் கடைசியில். "இன்னும் ஒரு மாதம் ஒளித்திருந்தா நான் இப்படிச் சொல்லமாட்டேன்."

அக்கா அப்போதுதான் அழுதாள்.

குவளையைப் பற்றி அவர் கேலி செய்யவில்லை. "அதுவும் பாவக்காயும் சீனி குறைக்கிறதுதான். அதனாலதான் எனக்குப் பயம். குளிசையோட சேர்ந்தா எவ்வளவு குறையும்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பாவக்காய் கறியா சாப்பிடுங்க. வல்லாரை, குரக்கன் நல்லது. சாறு, குவளை இப்ப வேணாம்." பெரிய மாத்திரையை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கச் சொன்னார். பகலில் வயிறு அவ்வளவு கலக்காதாம். சின்னது ஒன்று, சாப்பாட்டோடு மட்டும். காலுக்குத் தனி மருந்து, நாள்தோறும் புண்ணைத் துடைத்துக் கட்ட வேண்டும், ஆறும்வரை மலைக்குப் போகக் கூடாது.

நான் பதினாறு நாள் தங்கினேன். காலையில் அக்காவைத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானோரத்தில் வல்லாரை தானாகவே மண்டிக் கிடந்தது. பறித்துக் கழுவிச் சம்பல் அரைத்தேன். ஹோட்டல் குசினியில் கற்ற வேலை முதல் தடவையாக என் சொந்தத்துக்கு உதவியது. குரக்கன் ரொட்டி மட்டும் சரிவரவில்லை.

"தம்பி, இத என் பூட்ஸுக்கு அடி வைக்கலாம்டா" என்றாள் அக்கா. ஆனாலும் சாப்பிட்டாள். முழங்காலுக்கு அந்த மஞ்சள் எண்ணெயை இரவில் நான் தேய்த்துவிட்டேன். வீக்கத்துக்கு அது எவ்வளவு செய்ததோ தெரியாது. தேய்க்கும்போது தூங்கிவிடுவாள்.

ஐந்தாம் நாள் சரோஜா வாசலில் நின்று தயங்கினாள். "அந்த ராத்திரிக் குளிச பத்தி எனக்கும் கொஞ்சம் வெவரமா சொல்லுக்கா. நானும் டின்னுலதான் போட்டு வச்சுருக்கேன்."

பதினேழாம் நாள் காலை கொட்டகலை ஸ்டேஷன். நுவரெலியாவில் லீக்ஸ் மரக்கறி ஏற்றும் வேலை ஒன்று சொல்லியிருந்தார்கள். நானுஓயா வரை இருபத்தெட்டுக் கிலோமீட்டர், ரயில் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். அக்கா காலில் வெள்ளைக் கட்டோடு வந்திருந்தாள். குழி பாதி மூடி, ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருந்தது. ஊர் ஊராகச் சுற்றியதில் பல மருந்துகளைப் பார்த்திருக்கிறேன், பையில் சுமந்தும் போயிருக்கிறேன். அவற்றைக் குடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ரயில் வளைவில் திரும்பும்போது அக்கா படியேறுவது தெரிந்தது, இடது காலை மெதுவாக வைத்து.

ஐந்து வாரம் கழித்து ஒரு பகல், சந்தையில் மூட்டைகளுக்கு நடுவே நிற்கும்போது போன் வந்தது.

"நூத்தி எழுவத்தொம்பது" என்றாள் அக்கா.

"கூடித்தானே இருக்கு?"

"கூடலடா. பாவக்காச் சாறு இல்லாம, வெரதம் இல்லாம, எப்பவும்போலப் போனேன். இதுதான் என் நெச நம்பரு. டொக்டரம்மா கொப்பியில அதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டு எழுதிக் குடுத்துருக்கு. சரோஜாவுக்கு இருநூத்தி முப்பது. அவ அழுவுறா, நான் சிரிக்கிறேன்."

"குவளைய என்ன செஞ்ச?"

"குளிச போட்டு வச்சுருக்கேன். சோத்துப் பானைக்குப் பக்கத்துல."

காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது. பின்னால் பெண்கள் யாரையோ திட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க நின்னு பேசுற?"

"மலையில" என்றாள். "ரெண்டு காலுலயுந்தான் நிக்கிறேன். போனை வை, கொழுந்து கொறஞ்சிரும்."