பாம்பு பெஞ்சு

பிள்ளையார்பட்டி பஸ் ஸ்டாப்பில் உட்காருவதற்கென்று கல்லில் ஆமை, தாமரை இலை, ஆதிசேஷன் என மூன்று பெஞ்சு செய்து போட்டிருக்கிறார்கள். ஆமையிலும் இலையிலும் இடமில்லை. ஆதிசேஷன் மட்டும் காலி. ஐந்து தலையிலும் மஞ்சள் குங்குமம். என் முட்டி இனிமேல் தாங்காது.

"அம்மா, அதுல உக்காராதீக. நாங்க பால் ஊத்துற நாகம்மா" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் பூக்காரி.

"உக்காருற இடம்னு போர்டு இருக்கே. நானே வாசிச்சேன்."

"எழுதுனவுகளுக்கு என்ன தெரியும்?"

"பெருமாள் இது மேல படுத்தே கெடக்காரு. நான் உக்காந்தா மட்டும் கோவிச்சுக்கிருமா?"

செருப்பைக் கழற்றி, ஒரு கும்பிடு போட்டு உட்காருகிறேன். கல் வெயிலில் சுடுகிறது. இவள் பார்க்க எழுந்திருக்க மாட்டேன்.

பூக்காரி கொஞ்ச நேரம் பாம்பையே பார்த்து நிற்கிறாள். பிறகு கூடையோடு வருகிறாள்.

"தள்ளி உக்காருங்கம்மா. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்."