பன்னிரண்டு தகடும் ஒரு வேட்டி வற்றலும்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு சோலார் தகடுகள் இருக்கின்றன. நல்ல வெயிலடித்தால் நாளுக்குப் பதினாறு யூனிட் தரும். இந்தச் சித்திரையில், தார் உருகுகிற வெயிலில், அது ஒன்பதுக்கு இறங்கியது. புழுதியாக இருக்கும் என்று விடியற்காலையில் ஏறிப் பன்னிரண்டையும் துடைத்தேன். காக்கைகளைச் சந்தேகித்தேன். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எதுவரை வருகிறது என்று தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். தகடு மாட்டிக் கொடுத்தவனைப் போனில் பிடித்தால், "மெஷினு நல்லாத்தான் சார் இருக்குது, கிளைமேட்டு அப்படி" என்கிறான். வானத்தில் ஒரு பிசிறு மேகம் கிடையாது.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் முட்டிவலியோடு நடுப்பகலில் ஏறினேன். மூன்று தகடுகளை மூடிக்கொண்டு என் மனைவியின் பழைய புடவை. அதன்மேல் வரிசை வரிசையாகக் கூழ்வற்றல். பக்கத்தில் குடையோடு அவள்.

"என்ன இது?"

"பாத்தா தெரியல? வத்தல். மாடி பூரா உங்க தகட்ட நட்டு வச்சிட்டீங்க. நான் எங்க காய வைப்பேன்? ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல என் தம்பி பொண்ணு கல்யாணம். அத்தை வீட்டு வத்தல் இல்லாம பந்தி போடுவாங்களா? ஈரமா எடுத்துட்டுப் போனா ஊரே சிரிக்கும்."

"வெயில் தகட்டுல படணும்மா."

"தகடு கொதிக்குதே, கைய வைக்க முடியல. சூடு ஏறினா கரண்ட்டு ஜாஸ்தியாத்தான வரணும்?"

எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. உள்ளே இருக்கிற சிலிக்கானில் வெளிச்சம் விழுந்தால், அதிலுள்ள எலக்ட்ரான்கள் இடம்விட்டு ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் மின்சாரம். சுவரில் மாட்டிய பெட்டி அதை வீட்டு விளக்குக்கு ஏற்றதாக மாற்றுகிறது. தகடு சூடேறினால் மின்சாரம் குறையவே செய்யும். தகடுகளை வரிசையாகக் கோத்திருப்பதால், மூன்றை மூடினால் ரப்பர் குழாயை நடுவில் மிதித்த மாதிரி மற்றவையும் சுணங்கும். இத்தனையும் சொன்னேன்.

"அப்ப சூடு உங்களுக்கு வேணாம். வேணாத சூட்டத்தான நான் எடுத்துக்கறேன்?"

"சூட்ட எடுத்துக்கோ. வெளிச்சத்த மறைக்காத!"

"புடவைக்குப் பதிலு கண்ணாடி விரிக்கட்டுமா?" என்றவள், மாடி மூலையில் இருந்த வெந்நீர் சோலாரைக் காட்டினாள். "மொதல்ல அதக் கழட்டுங்க. சித்திரையில எவன் வெந்நீர்ல குளிக்கிறான்?"

அது வேறு வகை, அதில் மின்சாரமே கிடையாது என்றேன். சாய்வாகப் பதினைந்து கண்ணாடிக் குழாய்கள். உள்ளே பூசிய கறுப்புப் பூச்சு வெயிலை விழுங்கித் தண்ணீரைச் சுட வைக்கும். சூடான தண்ணீர் லேசாகி, மோட்டார் இல்லாமலே மேலே இருக்கிற தொட்டிக்கு ஏறிவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கண்ணாடிச் சுவர். நடுவில் காற்றே கிடையாது, பிளாஸ்க் மாதிரி. அதனால் உள்சூடு வெளியே வராது.

அவள் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "அட, சுடவே இல்ல!"

"அதத்தான் சொல்றேன்..."

நான் முடிப்பதற்குள் கொடியில் கிடந்த என் வேட்டி குழாய்களின் மேல் விரிந்துவிட்டது. நான்கு முனையையும் கயிற்றால் கட்டினாள். பாதி காய்ந்திருந்த வற்றலைப் பெயர்த்து அதில் பரப்பினாள். "மேல வெயிலு, சந்துல காத்து. போதும் போங்க."

மறுநாள் யூனிட் பதினாறுக்கு ஏறியது. சனிக்கிழமை வற்றல் ஒடித்தால் ஒடிந்தது. அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

சிதம்பரத்தில் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். குழாய் மேல் காய்ந்ததால் வற்றல் எல்லாம் ஓடு மாதிரி வளைந்திருந்தது.

"என்னக்கா, வத்தல் கூன் போட்டுருக்கு?" என்றான் பரிமாறலை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த மச்சான்.

"மாமாவோட சோலார்ல வச்சதுடா. கரண்ட்டுல காஞ்சது!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒருவர் வற்றலைப் பயத்தோடு இலையோரம் ஒதுக்கினார்.

"கரண்ட்டுல இல்ல. அது வெந்நீர்க் குழாய். அந்தச் சூடும் இல்ல, மேல பட்ட வெறும் வெயிலு..."

"மாமா, ரசம் ஓடுது, இலையப் பாருங்க. டேய், மாமாவுக்குக் கரண்ட்டு வத்தல் இன்னும் ரெண்டு வையிங்கடா!"

ஏற்கெனவே நான்கு தின்றிருந்தேன். ஆக ஆறு. மொறுமொறுவென்றுதான் இருந்தது.