சித்தப்பாவுக்கு விழுந்த மாலை

சென்ற மாதம் நான் ஒரு மெழுகுப் பொம்மையோடு சண்டை போட்டேன். இதை வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் மகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். செந்தோசாத் தீவில், உலகப் புகழ்பெற்றவர்களை எல்லாம் மெழுகில் வார்த்து நிறுத்தியிருக்கும் இடம். ஒரு விளையாட்டு வீரர் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். மூன்று முறை ‘எக்ஸ்கியூஸ் மீ’ சொன்னேன். நகரவில்லை. கடைசியில் பொறுமை போய், “தம்பி, வயசுக்காவது ஒரு மரியாதை வேணாமா?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். என் கண்ணாடி அப்போது கைப்பையில் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதிலும், படம் எடுக்கிற இடம் என்றால் முதலில் அதைத்தான் கழற்றுகிறேன்.

மெழுகால் எனக்கு நேர்ந்த முதல் அவமானம் அல்ல இது. முதலாவது எட்டு வயதில், அதே தீவில், இப்போது இல்லாமல் போய்விட்ட வேறொரு கூடத்தில் நடந்தது.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அந்தக் கூடத்தில் விளக்கும் ஏர்கானும் பார்க்கிற வேலையில் இருந்தார். நல்ல மனிதர். ஒரே குறை, பேச்சு. எதிரே இருப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்து வைப்பது தன் கடமை என்று நம்பினார். மூன்று பெண் வீட்டார் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தாம். முப்பத்து நான்கு வயதாகிவிட்டது.

பொம்மை செய்ய வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஓர் இந்திய முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாராம். ஏணியில் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவைக் கீழே இறக்கி, முகம் முழுக்க மாவைப் பூசி அச்சு எடுத்திருக்கிறார். மூக்கில் இரண்டு குழாய். அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. “அந்த வெள்ளைக்காரன் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆளு” என்பார் என் அம்மா.

அன்றிலிருந்து சித்தப்பா ஊர் முழுக்கச் சொன்னார்: “கவர்னர் சிலை இருக்கிற அதே ஹால்ல என் சிலையும் இருக்கு.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நான்காவதாகக் கிளமெண்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பாலர் பள்ளி ஆசிரியை, தாய் இல்லாதவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் சரக்கு சரிபார்த்தே வயதானவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, “சிலையே வச்சிருக்காங்கன்னு சொல்றீங்க. அப்ப நாங்க அதைப் பாத்துடுறோமே. பொண்ணையும் கூட்டிட்டு வரேன். ரெண்டு வார்த்தை பேசணும்னா அங்கேயே பேசிக்கட்டும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

“இதுவும் தட்டிப் போனா அப்புறம் யாரும் வரமாட்டாங்க தம்பி” என்றார் அம்மா, சித்தப்பாவிடம். “அன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க.” சித்தப்பா பத்து நிமிடம் விடாமல் பேசிச் சத்தியம் செய்தார்.

ஞாயிறு காலை சித்தப்பாவும் நானும் முதலில் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட ஐயர், சாமி கழுத்திலிருந்த மாலையையே எடுத்துக் கொடுத்துவிட்டார். முழுக்கைச் சட்டையும் டையுமாக இருந்த சித்தப்பா அதை ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, குங்குமப் பொட்டலத்தோடு என் கையில் கொடுத்தார். பஸ் பிடித்து, படகு ஏறி, மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

முன்பக்கத்தில் கவர்னர்கள், சுல்தான், பெரிய வியாபாரிகள், எல்லோரும் பளபளவென்ற வெளிச்சத்தில் நின்றார்கள். மெழுகுச் சித்தப்பா கடைசி மூலையில் இருந்தார். மேலே சட்டை இல்லை, இடுப்பில் வேட்டி, காலில் இரும்புச் சங்கிலி, பக்கத்தில் ஒரு கூடை கல். கப்பலில் கொண்டுவரப்பட்டு இந்த நகரத்தின் வெள்ளைக் கட்டடங்களைக் கட்டிய ‘கான்விக்ட்’ என்று பலகையில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கான்விக்ட் என்றால் கைதி என்று தெரியாமல், கவர்னருக்கு அடுத்த பதவி என்று எடுத்துக்கொண்டேன்.

“ஐயய்யோ, என் லைட்டு!” என்றார் சித்தப்பா. அந்த மூலை விளக்கு மட்டும் அணைந்திருந்தது. பல்பு எடுத்து வர உள்ளே ஓடினார்.

நான் தனியாக நின்றேன். வேறு எல்லோருக்கும் வெளிச்சம் இருந்தது, தலைப்பாகை இருந்தது, சட்டை இருந்தது. எங்கள் சித்தப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. தமிழ்நாட்டில் தலைவர்கள் சிலைகளுக்கு மாலை போடுவதை வாரப் பத்திரிகைகளில் பார்த்திருந்தேன். கையில் மாலையும் இருந்தது. கயிற்றுக்குக் கீழே நுழைந்து, கல் கூடை மேல் ஏறி, மாலையைப் போட்டேன். மெழுகு நெற்றியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் செத்துப்போன தாத்தாவின் படம் அப்படித்தான் அழகாக இருக்கும்.

கீழே இறங்கித் திரும்பினால், பெண், அவருடைய அப்பா, அத்தை, எங்கள் வீட்டார் என்று எல்லோரும் வந்து நிற்கிறார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கவர்னரைப் பார்த்தார். பெண்ணின் அப்பா குனிந்து பலகையை இரண்டு முறை படித்தார். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் கிளமெண்டிக்குத் திரும்பும் பஸ் நேரம் தெரிந்தது. 

அதற்குள் பெண் இரண்டு அடி முன்னால் வந்தார். சிலையின் முன் நின்று, கைகுவித்து, “வணக்கம்” என்றார்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். மீன் சமைக்க வராது. கோபம் வந்தா ரெண்டு நாள் பேசமாட்டேன். எங்கப்பா என்கூடத்தான் இருப்பாரு, அதுல மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.” கொஞ்ச நேரம் காத்திருந்தார். “உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரிதான்.”

என் அம்மா அழத் தொடங்கினார். பெண்ணின் அப்பா எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். பெண்ணே பேசிவிட்ட பிறகு அவர் என்ன பேசுவது?

அப்போது பின் கதவைத் திறந்துகொண்டு, தோளில் ஏணியோடு, “பல்பு கிடைச்சிருச்சு!” என்று வந்தார் சித்தப்பா. அந்தக் குரல் வந்த பக்கம் பெண் திரும்பினார். பிறகு சிலையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் வெட்கம் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது. “உசுரோட இருக்கிற மனுசனுக்குப் பொட்டு வச்சு மாலை போட்டுட்டியேடி, பாவி!” என் முதுகில் ஒன்று விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள், “சாமி மாலைதானே அக்கா. எடுத்து அவருக்கே போட்டுடுங்க” என்றார் பெண். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே எனக்கு அவர் சித்தியானது அந்த நிமிடத்தில்தான்.

நாற்பத்தைந்து வருடமாக எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை ஓடுகிறது. சங்கிலி போட்ட சிலை என்றும் பாராமல், அபசகுனம் என்றும் ஒதுங்காமல், எல்லோர் முன்னாலும் எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றிய பெரிய மனசு என்று அம்மா கடைசிவரை சித்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் என் பங்குக்கு, என் மாலையால்தான் இந்தக் கல்யாணமே நடந்தது என்று கல்யாண வீடுகளில் சொல்லிவந்தேன். ஒரு பெரிய மனுஷி பொம்மையிடம் ஏன் பதிலுக்குக் காத்திருந்தார் என்பதை மட்டும் நான் யோசித்ததே இல்லை.

மகள் போட்ட காணொளியைப் பார்த்துவிட்டுச் சித்தி அன்றே கூப்பிட்டார். சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

“கண்ணாடி போடலியா நீ?”

“பைக்குள்ள இருந்துச்சு சித்தி.”

“என்னோடது அன்னைக்கு எங்க அத்தை பைக்குள்ள இருந்துச்சு. சோடாபுட்டி போட்ட பொண்ணுன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவாங்கன்னு படகுலேயே கழட்டி வாங்கிட்டாங்க. அங்க ஒரே இருட்டு. மாலையும் வேட்டியுமா ஒருத்தர் நிக்கிறாரு. கோயில்லேர்ந்து நேரா வந்துட்டாரு போலன்னு நெனச்சேன்.”

“பொம்மைன்னு தெரிஞ்சதும் வேணாம்னு சொல்லியிருக்கலாமே சித்தி?”

“எப்படி லா சொல்றது? கண்ணு தெரியலங்கிறது வெளிய வந்துருமே. அதுவும் இல்லாம...”

“அதுவும் இல்லாம என்னைய அவளுக்குப் பிடிச்சுப்போச்சு!” என்று பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது.

“பாத்தியா? பேச விடுறாரா?” என்றார் சித்தி. “அந்தப் பொம்மை எவ்வளவோ தேவலை. நான் சொன்னதை முழுசாக் கேட்டுச்சு.”