ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு தீவு

ராகு காலத்தைக் கேலி செய்து மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். மூன்றையுமே, அன்றைக்கு ராகு காலம் எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்பினேன். இந்த ரகசியம் என் மனைவிக்கு மட்டும் தெரியும். ஆகவே அது ரகசியமாக இல்லை, ஆயுதமாக இருக்கிறது.

கடல் விஷயத்தில் அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வங்காளத்துக்குக் குடிவந்ததிலிருந்து திகா, புரி கடற்கரைகளுக்குப் பலமுறை போய், ஜனங்களின் முதுகுகளை மட்டும் பார்த்துத் திரும்பியவள் அவள். "கடலுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கக் கூடாது. அப்படி உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள்.

ரயில் பாதை முடிகிற நாம்கானாவுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவு இருப்பதாக அவளுடைய வங்கியில் யாரோ சொன்னார்கள். குளிர்காலத்தில் அங்கே கூடாரமும் கும்பலும்தானாம். மழைக்காலத்தில் ஈ காக்கை கிடையாதாம். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டாள். அதை விட்டால் அக்டோபர் பூஜைக்குப் பிறகுதான் லீவு. அதற்குள் முதுகுகள் வந்துவிடும்.

அன்று காலை ஏழரைக்கு எலுமிச்சை சாதமும் குடையுமாக வாசலில் நின்றாள். பாலிகஞ்ச் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. எட்டு நாற்பது வண்டிக்கு ஏகப்பட்ட நேரம் இருந்தது. செருப்பில் ஒரு காலை நுழைத்தவன், சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துத் தொலைத்தேன். லேக் மார்க்கெட் தமிழ் மளிகைக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. திங்கள், ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லி, பேப்பரோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். தலையங்கத்திலிருந்து மணமகள் தேவை வரை படித்து முடித்தேன். வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஒம்பது அடிச்சாச்சு. வயிறு சரியாயிடுச்சா?"

ஆயிருந்தது.

அடுத்த வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்ததும் எனக்கு வயது பன்னிரண்டாகிவிட்டது. ஜால்முரி என்கிற காரப் பொரி வாங்கினேன். வெள்ளரிக்காய் வாங்கினேன். பெயர் தெரியாத ஸ்டேஷன்களின் பெயரையெல்லாம் உரக்கப் படித்தேன். "எதிர்ல இருக்கறவருக்கும் படிக்கத் தெரியும்" என்றாள் மனைவி. அவளும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படகில் எங்களோடு இரண்டு அரிசி மூட்டைகளும் ஒரு ஆடும் மட்டும் வந்தன. தீவில் கால் வைத்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. படகுக்காரர் வங்காளியில் சொன்னார். "தாதா, தண்ணி இறங்கிட்டிருக்கு. ரெண்டே முக்காலுக்கு இங்க இருக்கணும். அதுக்கப்புறம் வெறும் சேறு, படகு நகராது. மறுபடி தண்ணி ஏற ராத்திரி ஆயிடும்."

கடல் தீவின் மறுகரையில். டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் போக முப்பத்தைந்து நிமிடம், வர முப்பத்தைந்து. மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

"கடலா? இப்ப அங்க ஒண்ணுமே இல்லையே, பௌதி" என்று அவளை அண்ணியாக்கினார் டோட்டோக்காரர்.

"அந்த ஒண்ணுமில்லாததைப் பார்க்கத்தான் வந்திருக்கோம். சீக்கிரம் ஓட்டுங்க" என்றாள் அவள், என்னைவிட நல்ல வங்காளியில்.

ஓட்டினார். செங்கல் பாவிய பாதையில் வண்டி குதித்தது, நாங்கள் குதித்தோம், எலுமிச்சை சாதமும் குதித்தது. வெற்றிலைக் கொடிக்கால்கள், வாத்துகள், சைக்கிளை நிறுத்தி எங்களை வேடிக்கை பார்த்த ஒரு மனிதர், எல்லாம் பின்னால் ஓடின. பிறகு சவுக்குத் தோப்பு. கூடாரத் துணி கழற்றிய மூங்கில் சட்டங்கள். அதற்கப்பால் கடல்.

டீ நிறத்தில்தான் இருந்தது. நீலக் கடல் என்று எழுதிவைத்த யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை. ஆனால் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரு முதுகு கிடையாது. கோடிக்கணக்கில் சிவப்பு நண்டுகள் மட்டும், எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் மொத்தமாக மணலுக்குள் மறைந்தன. மேகம் ஒருபுறம் கறுத்து வந்தது. நான் அலையை நோக்கி ஓடினேன். கைகளை விரித்துக்கொண்டு நின்று ஏதோ கத்தவும் செய்தேன். என்ன கத்தினேன் என்பதைச் சொல்வதாக இல்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. சாதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

தள்ளி நின்றேன். அவள் சாப்பிட்டாள். கடைசி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கடலைப் பார்த்தாள். வெகு நேரம் என்பது சும்மா சொல்வது. மொத்தமே இருபது நிமிடம்தான், அதற்குள் டோட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

திரும்புகையில் மழை பிடித்தது. படகுத்துறையில் தண்ணீர் பத்தடி உள்வாங்கியிருந்தது. முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தோம். என் வலது செருப்பைத் தீவு வைத்துக்கொண்டது. சேறும் மழையுமாகப் படகில் விழுந்து இருவரும் மூச்சிரைக்கச் சிரித்தோம். ஆடு இல்லாதது மட்டுமே குறை.

மறுநாள் புதுச் செருப்பு வாங்கப் போனபோது மளிகைக்கடையிலும் ஏறினோம். மனைவி கடைக்காரரிடம் கதை முழுவதையும் சொன்னாள், பாத்ரூம் உட்பட. "கடல் முன்னால இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்திருக்கலாம், அண்ணாச்சி" என்று முடித்தாள். நான் உளுந்து எடை போடுவதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பொட்டலத்தைக் கட்டியபடி நிதானமாகச் சொன்னார். "அது சென்னைக் காலண்டர்லா சார். அங்க ஆறு மணிக்கு விடியுதுன்னு போட்ட கணக்கு. இங்க அஞ்சுக்கே விடிஞ்சிருதே, பகலும் கொஞ்சம் நீளம். உங்க ராகு காலம் எட்டே காலுக்கே முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல பாத்ரூம்ல இருந்தது உங்க சொந்தக் காலம்."