ஆமணக்கு வெட்டிய நாள்

புளியங்குடிச் சாலையில் இரண்டு மைல் நடந்த பிறகுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது. அப்பா அடித்தது புளிய விளாறால். எனக்குப் பத்து வயது. வீட்டை விட்டுப் போவது அதுதான் முதல் தடவை. பிறகு எத்தனையோ ஊர்களைக் காரணமில்லாமல் விட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்குக் காரணம் இருந்தது.

காலையில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கரிசல் நிலம். மூத்தாள் இறந்து இரண்டு பிள்ளைகள். மீசையில் பாதி நரை. அக்காவுக்குப் பதினேழு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அப்பா இதை விடுவதாக இல்லை.

தட்டிப்போனதற்குக் காரணம் சித்தப்பா. அவருக்குப் புத்தி சரியில்லை. யாரையும் ஒன்றும் செய்யமாட்டார், பேசிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். தோட்டத்து மூலையில் அவருக்கு ஒரு குடிசை.

மழைக்குப் பிறகு தோட்டம் காடாகக் கிடந்தது. நாயுருவியும் கோரையும் இடுப்பளவு. அவர்கள் வருவதற்குள் வெட்டிச் சுத்தம் செய்வது என் வேலை. “மூலையில நிக்க ஆமணக்குல மட்டும் கை வைக்காதலே” என்று சொல்லிவிட்டு அப்பா பூ வாங்கப் போனார். ஆமணக்கு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து குடிசையை மறைத்திருந்தது.

அக்கா வந்து பார்த்தாள்.

“இதென்னலே, பாதித் தலைய மழிச்ச மாதிரி? அதையும் வெட்டு.”

“அப்பா அடிப்பாவ.”

“நான் சொல்லிக்கிடுதேன் மக்கா. வெட்டு.”

வெட்டினேன். வெட்ட வெட்ட அவளே இழுத்து வெளியே போட்டாள்.

வில்வண்டி வந்து நின்றபோது தோட்டம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. குடிசை வாசலில் கோவணத்தோடு நின்ற சித்தப்பா கும்பிட்டார்.

“வாங்க அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தியளா? என்னையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க.”

மாப்பிள்ளையின் தாய் அப்பாவிடம், “யாரு அது?” என்றாள்.

“கூடப்பொறந்தவன்தான்” என்றார் சித்தப்பாவே.

காபி ஆறுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

அப்பா விளாறை எடுத்தார். அக்கா குறுக்கே விழுந்தாள். “அவன அடிக்காதீங்க, நாந்தான் வெட்டச் சொன்னேன்.”

“தம்பிய காப்பாத்தப் பொய் சொல்லாதட்டி. எந்தப் பிள்ளையாவது தன் கல்யாணத்தத் தானே கெடுப்பாளா?” என்று அவளைத் தள்ளிவிட்டு மறுபடி அடித்தார்.

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. தோட்டம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அவள் சொல்ல, யோசிக்காமல் வெட்டி அவள் வாழ்வைக் கெடுத்தவன் நான். பிறகு அவள் வந்தவர்களுக்காகச் செய்த கேசரியை எனக்கு ஊட்டிவிட்டாள். அவள் முகம் தெளிந்திருந்தது. அழக்கூட முடியாமல் போய்விட்டது போலும் என்று நினைத்தேன். அந்த முகத்தைப் பார்க்கமுடியாமல்தான் கிளம்பினேன்.

மறுநாள் காலை புளியங்குடியில் ஓர் எலுமிச்சைக் கடையில் போய் நின்றேன். முதலாளி, “யாருக்குலே சம்பாதிக்கப் போற?” என்று கேட்டார்.

“அக்கா கல்யாணத்துக்கு.”

சிரித்துவிட்டு ஒரு குவியலைக் காட்டினார். அந்த நரைமீசை மாப்பிள்ளையை எப்படியாவது அக்காவுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என்ற உறுதியோடு, அழுகல் பழங்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.