ஐந்து நாள் முளைப்பாரி

மிஷின் வாயில் கட்டிய துணிக்குழாயைச் சற்றே ஒதுக்கி, விழுகிற மாவில் ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்க்கிறாள் தீபலட்சுமி. மாவைக் கண்ணால் பார்ப்பதில்லை. கண் அடுத்து வந்து நிற்கும் தூக்குவாளியில் இருக்கும். "இன்னொரு ஓட்டம் விடணும் மதினி, இடியாப்பத்துக்கு இது ஆகாது" என்று கத்துவாள். மிஷின் நின்ற பிறகும் கத்தித்தான் பேசுவாள். இருபது வருடம் மோட்டாரோடு போட்டி போட்ட தொண்டை அது. அவளிடம் ரகசியம் பேச நினைப்பவர்கள் அவளைத் தெருக்கோடிவரை கூட்டிப்போகிறார்கள். போயும் பயனில்லை, ஊருக்கே கேட்டுவிடும்.

திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது மாவு மில். பலகையில் வேறு பெயர் இருந்தாலும் ஊர் அதை 'முத்துத்தாய் மில்லு' என்றுதான் சொல்கிறது. முத்துத்தாய் தீபலட்சுமியின் அம்மா.

சீட்டு, அடையாளம் எதுவும் தீபலட்சுமிக்குத் தேவையில்லை. நாற்பது வாளி வரிசையில் நின்றாலும், எந்த நசுங்கல் எந்த வீட்டுடையது என்று அவளுக்குத் தெரியும். மூக்கும் அப்படித்தான். "கடை அரிசின்னு சொல்லாதீக. ரேசன் அரிசி பாதி கலந்திருக்கு. எனக்கென்ன, அரைக்கத்தான போறேன்" என்பாள். மிளகாய் வத்தல் அரைக்கும் மிஷின் தனியாக ஒரு மூலையில் இருக்கிறது. அம்மா இறந்த புதிதில் அந்தப் பக்கம் யாரையும் விடாமல் தானே நின்றாள். "இங்க நின்னு அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாகல்ல" என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கணவர் போன பிறகு முத்துத்தாய் தனி ஆளாக நடத்திய மில் அது. காலை ஐந்து மணிக்கு மோட்டாருக்குத் திருநீறு பூசி, மாரியம்மன் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு சுவிட்சைத் தட்டுவாள். தீபாவளியன்றுகூடப் பத்து மணிவரை பெல்ட்டு ஓடும். அவள் மில்லை மூடியது பங்குனியில் மட்டும்தான், அம்மனுக்கு முளைப்பாரி வளர்க்கும் ஒன்பது நாள். மில்லுக்குப் பின்னால் இருக்கும் இருட்டறையில், மண்சட்டிக்குள் வைக்கோலும் ஆட்டு எருவும் பரப்பி, ஊறிய பாசிப்பயறைத் தூவி, காலையும் மாலையும் நீர் தெளிப்பாள். "மிசினு ஓடுனா தரை அதிரும், மொளைக்கு ஆகாது" என்பாள்.

அந்த ஒன்பது நாளும் அம்மா உட்கார்ந்திருப்பாள். மூத்தவன் ராஜகுரு, நடுவில் தீபலட்சுமி, கடைக்குட்டி ஜெயக்குமார் மூவரும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவார்கள். தலைக்கு எண்ணெய் வைப்பாள், தாயம் ஆடுவாள், கள்ள ஆட்டம் ஆடி மாட்டிக்கொள்வாள். மற்ற மாதங்களில் அம்மாவின் முகத்தை மாவு இல்லாமல் பார்த்ததாக ஜெயக்குமாருக்கு நினைவே இல்லை.

முத்துத்தாய் இறந்து பதினைந்து மாதமாகிறது. போன பங்குனி துக்க வருடத்தில் போய்விட்டது. இந்தப் பங்குனியில் தீபலட்சுமி முதன்முறையாகப் பாரி போட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் ஜெயக்குமார், கருமாதிக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. "அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்னக்கா செய்ய?" என்பான். இந்தத் தடவை அவனிடம், "அம்மா டப்பாவுல கட்டி வச்ச பயறு இருக்குடா. அதைத்தான் போடுறேன். வந்து பாரு" என்றாள். அவன், "வாரேன்" என்றான்.

ஒன்றை மட்டும் அவள் அம்மா மாதிரிச் செய்யவில்லை. மில்லை மூடவில்லை. "ஊரே மாவிளக்கு மாவுக்கு நிக்குது, எப்பிடி மூட?" என்று கணவர் பாண்டிராஜிடம் சொன்னாள்.

செவ்வாயன்று போட்ட பயறு வெள்ளிக்கிழமை காலைவரை முளைக்கவில்லை. ஊதி, வழுவழுத்து, கெட்ட வாடை அடித்தது. தீபலட்சுமி மில்லை நிறுத்தினாள். அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருக்கும் ராஜகுருவுக்குப் போன் செய்தாள்.

"சத்தமாப் பேசுத்தா, ஒண்ணும் கேக்கல" என்றார் அவர். இருபது வருடத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"பாரி வரலண்ணே. நான் மில்ல மூடலைல, அம்மாவுக்கே பிடிக்கல போல. தம்பிய வர வேணாம்னு சொல்லிரவா? எதைக் காட்ட அவனுக்கு?"

"யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன்."

அவர் வந்தபோது, டப்பாவில் மிச்சமிருந்த பயறை முறத்தில் கொட்டி வண்டு தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வண்டுகூட இல்லை. நான்கு மணியை வாயில் போட்டு மென்றவள், மெல்லுவதை நிறுத்தினாள். முறத்தை அப்படியே தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, இது வறுத்த பயறு."

வண்டு விழாமல் இருக்க முத்துத்தாய் லேசாக வறுத்து மூடி வைத்திருக்கிறாள். பயத்தமாவு உருண்டை பிடிப்பதற்காக வைத்த பயறு. ஊர் அரிசியை எல்லாம் மோந்து பார்த்துச் சொல்கிறவள், அம்மா டப்பா என்பதால் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அள்ளியிருக்கிறாள்.

"அப்ப இது சாமி குத்தமில்லத்தா, ஒன் மூக்குக் குத்தம்" என்றார் ராஜகுரு. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வத்தல் மிஷின் பக்கம் போகவில்லை.

நரிக்குடியிலிருந்து வந்த புதுப் பயறைக் கடைத்தெருவில் வாங்கி ஊறப்போட்டாள். சட்டியைக் கழுவிக் காயவைத்து, வைக்கோலும் எருவும் புதிதாகப் பரப்பி, பொழுது சாயும்போது மறுபடி தூவினாள். பிறகு ஓர் அட்டையில் 'புதன்கிழமை வரை மில் லீவு' என்று எழுதி ஷட்டரில் ஒட்டினாள்.

அடுத்த தெரு முருகலட்சுமி வாளியோடு வந்து நின்றாள். "ஏண்டி, நாங்க மாவுக்கு எங்க போக?"

"பெட்ரோல் பங்குக்கிட்ட இன்னொரு மில்லு இருக்குல்ல மதினி. போய்ட்டு வாங்க. நான் உக்காந்திருக்கேன்."

"உக்காந்திருக்கியா? அது என்னடி சோலி?"

"அதான் சோலி."

மில் லீவு என்ற சேதி கேட்ட ஜெயக்குமார், செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தவன், மனைவி சுவாதியோடு சனிக்கிழமையே வந்து இறங்கினான். வறுத்த பயறை தீபலட்சுமி மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். "மில்லுக்காரி வீட்டுல மிக்ஸியாக்கா? வெளிய தெரிஞ்சா யாவாரம் என்னத்துக்கு ஆகும்?" என்று சிரித்தான். வெல்லம் சேர்த்துப் பிடித்த உருண்டையை வாயில் போட்டான். அது முழுதும் கரைந்த பிறகு கையை நீட்டி இன்னொன்று வாங்கிக்கொண்டான். அன்று பகல் முழுக்கத் தாயம் ஓடியது. கள்ள ஆட்டம் ஆடியது ராஜகுரு. சுவாதிதான் கண்டுபிடித்தாள். இருட்டறைக் கதவை மட்டும் தீபலட்சுமி ஒருவருக்கும் திறந்துவிடவில்லை. ஞாயிறு காலை நீர் தெளித்துவிட்டு வெளியே வந்தவள், "இம்புட்டு மொளைச்சிருக்கு" என்று சுண்டுவிரலில் பாதியைக் காட்டினாள்.

புதன்கிழமை மாலை, கோயில் தெருவில் பாரிகள் வரிசைக்கு வந்தன. ஒவ்வொன்றும் முழங்கை உயரம், வெளிர்மஞ்சளாய் அசைந்தது. தீபலட்சுமியுடையது ஒரு சாண்கூட இல்லை.

முருகலட்சுமி விடவில்லை. "என்னடி தீபா, ஒன் பாரி சட்டியை விட்டு எட்டித்தான் பாக்குது!"

"அஞ்சு நாள் பிள்ளை மதினி. எட்டிப் பாத்தாப் போதும்."

மேளம் தொடங்கியது. அவள் சட்டியைத் தலையில் ஏற்றி வரிசையோடு நடந்தாள். ஜெயக்குமார் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அவளுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தான். பக்கத்தில் வந்த ராஜகுரு, "கெட்டியாப் பிடிச்சுக்கத்தா, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முன்வரிசைப் பெண்கள் கும்மிப்பாட்டை எடுத்தார்கள். தீபலட்சுமி சட்டியைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் கீழே இறக்கி, அவர்களோடு சேர்ந்து தட்டத் தொடங்கினாள்.